பழுது டர்போவிலா, பழி டர்போவின் மீதா?

நெஞ்சு படபடக்கின்றது என்று சொல்லி ஒருவர் வைத்தியரிடம் போகின்றார். நாடியைத் தொட்டுப் பாராமலும், உண்டது யாது, உறங்கியது எவ்வளவு என்று கேளாமலும், "இருதயத்தை மாற்றிவிடுவோம்" என்று அவ்வைத்தியர் கூறுவாராயின், நாம் அவர் வாசலை மறுமுறை மிதிக்கமாட்டோம். ஆனால் மோட்டார் வண்டி விஷயத்தில் இத்தகைய தீர்ப்பை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கின்றோம். "வண்டி முன்போல இழுக்கவில்லை" என்று சொன்ன மாத்திரத்தே, "டர்போ போய்விட்டது ஐயா, புதிது போடவேண்டும்" என்ற விடை கராஜில் ஆயத்தமாக இருக்கின்றது.

இத்தீர்ப்பின் விலை சிறிதன்று. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஒன்றை நம்பி வாழும் குடும்பத்துக்குப் புதிய டர்போ ஒன்றின் செலவு பல மாதச் சேமிப்பாகும். சிலவேளை வீட்டுக்காரியின் கழுத்திலிருந்து இறங்கும் நகையாகும். இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டிலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளையே செப்பனிட்டு ஓட்டுவது பலருக்குத் தவிர்க்க முடியாததாயிற்று. இவ்வளவு செலவு செய்து டர்போவை மாற்றிய பின்னரும் குறை தீராதிருப்பதும், மாற்றிய டர்போவே சில வாரங்களில் மீண்டும் அழிந்துபோவதும் இக்கதையின் இரண்டாம் அத்தியாயம். ஆகவே டர்போ என்பது யாது, அது எவ்வாறு நோயுறுகின்றது, அந்நோயை எவ்வாறு இனங்காண்பது என்பவற்றைச் சிறிது விரிவாகவே நோக்குவோம். வண்டி இல்லாத வாசகர்களும் இதனை ஒரு விஞ்ஞானப் பாடமாக வாசிக்கலாம். அதனால் அவர்களுக்கு நட்டம் ஏதும் இல்லை.

வீணாகும் புகையின் வேலை

எஞ்சின் என்பது எரிபொருளை உண்ணும் யந்திரம் என்றே பொதுவாக எண்ணுகின்றோம். உண்மையில் அது உட்கொள்வதில் பெரும்பகுதி வளியே. ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிராம் வளி வேண்டும். ஒரு லீற்றர் வளியின் நிறை 1.2 கிராம் அளவே ஆதலால், ஒரு லீற்றர் பெற்றோலை எரிக்க ஏறக்குறைய 9,000 லீற்றர் வளி தேவைப்படுகின்றது என்று மாணவர்கள் தாமே கணித்துக்கொள்ளலாம். எரிபொருளை அதிகமாகச் செலுத்துவது எளிது. அதற்கு ஈடான வளியைச் சிலிண்டருக்குள் புகுத்துவதுதான் கடினம். சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன் கீழிறங்கும்போது உறிஞ்சக்கூடிய வளியோடு திருப்தியடைய வேண்டியதே.

மறுபுறத்தில், எரிபொருளின் வெப்ப சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வீணே வெளியேறுகின்றது. இவ்விரண்டு உண்மைகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தவர் சுவிற்சர்லாந்து தேசத்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி என்பவர். வெளியேறும் வாயுவினால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தால் வளியை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டலாம் என்ற கருத்துக்கு அவர் 1905ஆம் ஆண்டிலேயே உரிமைப் பத்திரம் பெற்றுவிட்டார். கருத்து காரியமாவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. முதலிற் பயன் பெற்றவை கப்பல் எஞ்சின்களே. இடையில் 1918ஆம் ஆண்டு அமெரிக்காவில் சான்போர்ட் மொஸ் என்பவர், 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் சிகரத்துக்கு விமான எஞ்சின் ஒன்றைக் கொண்டுசென்று, வளி ஐதாகிய அவ்வுயரத்திலும் டர்போவின் துணையால் அது கடல் மட்டத்திற் போலவே வலுவுடன் இயங்குவதைக் காட்டினார்.

அமைப்பு இவ்வளவே: ஒரு தண்டு, அதன் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள், நடுவே பேரிங். ஆனால் அது சுழலும் வேகத்தைக் கேட்டால் வியப்புண்டாகும். சிறிய காரின் டர்போ நிமிஷத்துக்கு 180,000 தடவைக்கு மேலும் சுழலக்கூடும். அதாவது செக்கனுக்கு 3,000 சுற்று. சக்கரத்தின் விட்டம் 5 சென்ரிமீற்றர் என்று கொண்டால், அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 470 மீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. ஒலியின் வேகமோ 340 மீற்றரே! பெற்றோல் எஞ்சினில் ஒரு பக்கத்துச் சக்கரம் 900 பாகை சென்ரிகிரேட்டுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சிவக்கின்றது. சில அங்குலம் தள்ளி மறுபக்கத்துச் சக்கரம் வெளி வளியை அள்ளுகின்றது. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள தண்டைத் தாங்குவது இரும்பன்று. தலைமயிரிலும் மெல்லிய எண்ணெய்ப் படலமே. பெரும்பாலான டர்போக்களில் தண்டு எண்ணெயில் மிதக்கின்றது என்றே சொல்லவேண்டும். ஒயில் சில செக்கன்கள் வராதுபோனால் உலோகம் உலோகத்தைத் தொடும். அதன்பின் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டர்போ தானாகப் பழுதாவது மிக அரிது, பெரும்பாலும் அது பிறவற்றின் குறையினாலேயே அழிகின்றது என்று அதனைச் செய்யும் கம்பனிகள் நெடுங்காலமாகக் கூறி வருகின்றன. விற்பவர் சொல் ஆதலின் அதனைச் சற்றுத் தள்ளி வைத்தே கேட்கவேண்டும். ஆயினும் கழற்றப்பட்ட டர்போக்களை அறுத்துப் பார்ப்பவர்களின் அனுபவமும் அதனோடு ஒத்தே இருக்கின்றது: கெட்ட ஒயில், வராத ஒயில், வெளியிலிருந்து புகுந்த தூசு அல்லது துண்டு, அளவு கடந்த வெப்பம் என்ற நான்கினுள் ஒன்று அங்கே தன் அடையாளத்தை விட்டுச் சென்றிருக்கும்.

பழியை டர்போ சுமப்பது புதிய வழக்கமன்று. காரில் டர்போ விற்பனைக்கு வந்த முதல் ஆண்டே அது தொடங்கிவிட்டது. 1962ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் கம்பனி ஜெட்பயர் என்ற காரை வெளியிட்டது. அதன் எஞ்சினில் பெற்றோல் காலத்துக்கு முந்தி வெடித்துவிடாதிருக்க, நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தினர். அதற்கென ஒரு தனிப் போத்தல். அதனை நிரப்புவது சொந்தக்காரரின் கடமை. போத்தல் வெறுமையானால் எஞ்சினைக் காக்கும்பொருட்டு டர்போவின் அமுக்கத்தை ஓர் அடைப்பு தானாகவே குறைத்துவிடும். பலர் போத்தலை மறந்தார்கள், வண்டி வலுவிழந்தது, குற்றம் டர்போவின் தலையில் விழுந்தது. பின்னர் பல வண்டிகளில் டர்போவையே கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண காபரேற்றரைப் பூட்டினார்கள். 1963ஆம் ஆண்டோடு அக்காரின் உற்பத்தியும் நின்றது. குறை டர்போவில் இருந்ததா, போத்தலில் இருந்ததா, போத்தலை நிரப்பும் வேலையைச் சொந்தக்காரரிடம் விட்டவர்களிடத்தில் இருந்ததா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம். எம் மாணாக்கர்களிடம் கேட்டபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றது.

வண்டி இழுக்கவில்லை என்றால்

நல்ல மெக்கானிக் முதலிற் கையில் எடுப்பது திறப்பானை அன்று; கேள்வியை. குறை திடீரென வந்ததா, சிறிது சிறிதாக வந்ததா? மேடேறும்போது மாத்திரமா, எப்பொழுதுமா? எஞ்சினை நிறுத்தி மறுபடியும் இயக்கினால் சிறிது நேரம் சரியாகின்றதா? கடைசியாக ஒயில் மாற்றியது எப்பொழுது, யார் கையால்? அண்மையில் வேறு வேலை ஏதாவது அவ்விடத்தில் நடந்ததா? இக்கேள்விகளுக்குரிய விடைகளே பாதி வைத்தியம். திடீரென ஒரு சத்தத்துடன் வலு போயிற்று என்றால் குழாய் ஒன்று கழன்றிருக்கக்கூடும். மாதக்கணக்கிற் குறைந்து வந்தது என்றால் அடைப்பை நினைக்கவேண்டும். நிறுத்தி இயக்கினால் சரியாகின்றது என்றால், கொம்பியூட்டர் ஏதோ ஒன்றைக் கண்டு அஞ்சி, எஞ்சினின் வலுவைத் தானே குறைத்து வைத்திருக்கின்றது என்று பொருள்.

வலுக் குறைவுக்கெல்லாம் டர்போவே காரணம் அன்று. அடைபட்ட டீசல் பில்டர், இறுகிப் பிடிக்கும் பிரேக், வழுக்கும் கிளச், சைலன்சர்க் குழாயில் அடைத்துக்கொண்ட புகை வடி என்பனவும் அதே முறைப்பாட்டையே உண்டாக்கும். இவற்றை விலக்கிய பின்னர் வளி செல்லும் பாதையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கண்ணாலும் கையாலும் தொடரவேண்டும். எயார் பில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. அதன்பின் டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரையிலும், அங்கிருந்து எஞ்சின் வரையிலும் செல்லும் றப்பர் குழாய்களைப் பார்க்கவேண்டும். அமுக்கப்பட்ட வளி சூடேறுகின்றது. சூடேறிய வளி ஐதாகின்றது. ஆதலின் அதனைக் குளிரச் செய்யவே இன்டர்கூலர் வைத்திருக்கின்றார்கள். இப்பாதையில் ஓரிடத்தில் வெடிப்பு இருந்தாலும், ஒரு கிளிப் தளர்ந்திருந்தாலும், டர்போ பாடுபட்டு அமுக்கிய வளி அவ்வழியே சீறிக்கொண்டு வெளியேறும். வெடிப்பு இருக்கும் இடத்தில் எண்ணெய்க் கசிவும் அதில் ஒட்டிய தூசும் கறுத்துக் காணப்படும். எஞ்சின் நின்றிருக்கும்போது பார்க்க மூடியிருக்கும் வெடிப்பு, அமுக்கம் ஏறியதும் வாய் திறக்கும். ஆகவே குழாயை வளைத்துப் பிதுக்கிப் பார்க்கவேண்டும். குழாய்த் தொகுதியை அடைத்து, குறைந்த அமுக்கத்தில் வளியைச் செலுத்தி, சவர்க்கார நீரைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சைக்கிள் ரியூப்பில் ஓட்டை தேடும் சிறுவனின் உபாயமே இது. இதைவிடச் சிறந்த உபாயம் இன்னும் வரவில்லை என்பதே எமது எண்ணம்.

அடுத்தது, டர்போவை அடக்கி ஆளும் பகுதி. டர்போ எல்லையின்றி அமுக்கினால் எஞ்சின் உடையும். அதனைத் தடுக்க, சில டர்போக்களில் வேஸ்ட்கேற் என்னும் கதவு திறந்து புகை வாயுவைச் சக்கரத்திற் படாமல் விலக்கி விடுகின்றது. இக்காலத்து டீசல் வண்டிகள் பலவற்றில் சக்கரத்தைச் சூழ்ந்து சிறு இதழ்கள் இருக்கின்றன. அவை திரும்பி வாயு செல்லும் வழியைச் சுருக்கியும் விரித்தும் வேகத்தை ஆளுகின்றன. இரண்டையும் அசைப்பது அக்சுவேற்றர் என்னும் ஒரு டப்பாவும் அதிலிருந்து நீளும் கோலும். அந்த டப்பாவுக்கு ஒரு மெல்லிய றப்பர் குழாய் செல்லும். சுண்டுவிரலிலும் மெல்லிய இக்குழாய் வெப்பத்தில் உக்கி வெடித்துவிட்டால், முழு டர்போவும் செத்ததுபோலக் கிடக்கும். வெற்றிடத்தால் இயங்கும் டீசல் வண்டிகள் பலவற்றில், எஞ்சினை இயக்கியதும் அக்கோல் இழுபடவேண்டும், நிறுத்தியதும் மீளவேண்டும். அசையவில்லை என்றால் முதலிற் குழாயையும், பின் டப்பாவையும், அதன்பின் இதழ்களையும் ஐயுறுக. மெதுவாகவே ஓட்டப்படும் வண்டிகளில் புகைக்கரி படிந்து இதழ்கள் இறுகிப்போவதுண்டு. அவ்வேளைகளில் அமுக்கம் தாழ்ந்தும் போகலாம், அளவு மீறியும் போகலாம். தனியே கழற்றிச் சுத்தம் செய்து மீட்கப்பட்ட டர்போக்கள் பல உண்டு.

இங்கே ஸ்கானரைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியின் கொம்பியூட்டரில் அக்கருவியைப் பூட்டினால் குறையின் இலக்கம் தெரியும். பி 0299 என்றால் அமுக்கம் வேண்டிய அளவுக்குக் குறைவு. பி 0234 என்றால் அளவுக்கு மிகுதி. இவ்விலக்கத்தைக் கண்டதும் "கொம்பியூட்டரே சொல்லிவிட்டது, டர்போ பழுது" என்பார் உளர். கொம்பியூட்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் 102 பாகை என்று வெப்பமானி சொல்லும். மலேரியாவா, சளியா என்று அது சொல்லாது. அமுக்கம் குறைந்தது ஓட்டைக் குழாயாலா, உக்கிய ரியூப்பாலா, பொய் சொல்லும் சென்சராலா என்பதை மனிதனே கண்டறியவேண்டும். சென்சர் மெய் சொல்கின்றதா என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. எஞ்சினை இயக்காமல் சாவியை மாத்திரம் திருப்பினால், குழாயினுள் இருப்பது வெளி வளியே. ஆதலின் சென்சர் வளிமண்டல அமுக்கத்தையே காட்டவேண்டும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அது 100 கிலோபாஸ்கல் அளவாக இருக்கும். கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் மேலுள்ள நுவரெலியாவில் அதே சென்சர் 81 அளவில் காட்டினால் அது பழுதன்று. அங்கே வளி அவ்வளவுதான்! கொழும்பிலே 81 காட்டுமாயின் மாற்றவேண்டியது சென்சர், டர்போ அன்று.

புகையின் நிறமும் தண்டின் ஆட்டமும்

டீசல் வண்டி கரும்புகை கக்கினால் வளி போதவில்லை, அல்லது எரிபொருள் மிஞ்சுகின்றது. மேலே சொன்ன ஓட்டைக் குழாயே இதற்குப் பெரும்பாலும் காரணம். வெண்புகை தொடர்ந்து வருமாயின் குளிரூட்டும் நீர் சிலிண்டருக்குட் செல்கின்றதா, இஞ்செக்டர்கள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும். நீலப் புகைதான் டர்போவின் மீது நேரடியாகச் சந்தேகத்தைக் கொண்டுவருவது. அது எஞ்சின் ஒயில் எரிவதன் அடையாளம்.

எனினும் இங்கேயும் அவசரப்படல் ஆகாது. டர்போவின் தண்டில் ஒயிலைத் தடுத்து நிற்பது நீர்ப்பம்பில் உள்ளது போன்ற றப்பர் வளையம் அன்று. அவ்வெப்பத்தில் றப்பர் நில்லாது. பிஸ்டன் வளையம் போன்ற மெல்லிய உலோக வளையங்களே அங்குள்ளன. சக்கரங்களின் பக்கத்திலுள்ள வாயு அமுக்கமும் சேர்ந்தே ஒயிலை உள்ளே நிறுத்துகின்றது. டர்போவுக்குள் அமுக்கத்துடன் ஏறும் ஒயில், தன் பாரத்தாலேயே தடித்த குழாய் ஒன்றின் வழியாக எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்கவேண்டும். இந்த இறங்கு குழாய் அடைபட்டிருந்தாலோ நெளிந்திருந்தாலோ, முற்றிலும் நல்ல டர்போவும் ஒயிலைக் கக்கும். எஞ்சினின் மூச்சுக் குழாய் அடைத்துக்கொண்டாலும், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து உள்ளமுக்கம் கூடினாலும் இதே விளைவுதான். எயார் பில்டர் அடைத்திருந்தால் டர்போவின் சக்கரம் வளி கிடையாமல் ஒயிலை உறிஞ்சி இழுக்கும். இவற்றுள் ஒன்றையும் பாராமல் டர்போவை மாற்றினால், புதிய டர்போவும் அடுத்த நாளே நீலப் புகை விடும். உள்குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தெரிவது இயல்பே. குட்டையாகத் தேங்கியிருந்தால் மாத்திரமே கவலை.

டர்போவையே சோதிக்கும் வேளை இப்பொழுதுதான் வருகின்றது. எஞ்சின் நின்று நன்றாக ஆறியிருக்கவேண்டும். வளி உட்புகும் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் நடு மூக்கை விரல்களாற் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்க்கவேண்டும். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது குற்றமன்று; எண்ணெயில் மிதக்கும் தண்டுக்கு அந்த இடைவெளி வேண்டும். இதனை அறியாமல் நல்ல டர்போவைக் குப்பையிற் போட்டவர்கள் பலர். ஆனால் உள்ளும் வெளியுமாக இழுத்தால் ஆட்டம் விரலுக்குத் தெரியவே கூடாது. சக்கரத்தின் இதழ் சுவரைத் தொடவும் கூடாது. இதழ்களின் விளிம்பு மழுங்கி மணலால் தேய்த்ததுபோல இருந்தால் தூசு புகுந்திருக்கின்றது. பில்டரோ அதன் பெட்டியோ சரியில்லை. விளிம்பு பிய்ந்திருந்தால் நட்டு, கிளிப், துணித்துண்டு ஏதோ ஒன்று உள்ளே சென்றிருக்கின்றது. கழற்றிய டர்போவின் தண்டு நீலம் பாய்ந்திருந்தால் ஒயில் இன்றி வெந்திருக்கின்றது. செத்த டர்போவும் இவ்வாறு சாட்சி சொல்லும்.

சத்தமும் சாட்சியே. மெல்லிய சீழ்க்கை டர்போவின் இயற்கைக் குரல். அது அம்புலன்ஸ் ஊதுவதுபோல எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்குமாயின், சக்கரம் சமநிலை தவறிவிட்டது அல்லது சுவரிற் படுகின்றது, அதற்குமேல் ஓட்டலாகாது.

ஓட்டலாகாது என்று சொல்வது பணத்தை எண்ணி மாத்திரமன்று. டீசல் எஞ்சினில் டர்போவின் ஒயில் தடுப்பு முற்றாகக் கெட்டுவிட்டால், எஞ்சின் தன் ஒயிலையே எரிபொருளாகக் குடிக்கத் தொடங்கும். அப்பொழுது சாவியை அணைத்தாலும் அது நில்லாது. டீசலைத்தானே சாவி நிறுத்துகின்றது! எஞ்சின் அலறிக்கொண்டு மேலும் மேலும் வேகங்கொள்ளும். பின்னால் வீதியே தெரியாதபடி புகை மண்டும். கையால் கியர் மாற்றும் வண்டியாயின், பிரேக்கை முழுப் பலத்துடன் மிதித்து, மிக உயர்ந்த கியரிற் போட்டு, கிளச்சை விட்டுவிடவேண்டும். எஞ்சின் திணறி நிற்கும். அது இயலாதாயின், அல்லது தானியங்கிக் கியர் வண்டியாயின், பிள்ளைகளையும் பெரியவர்களையும் இறக்கித் தூரத்துக்கு அழைத்துச் செல்வதே முதற் காரியம். வளிக் குழாயைக் கையால் அடைக்க எவரும் முற்படலாகாது. வெறும் எஞ்சினுக்காகக் கை ஒன்றை இழப்பது எவ்வகையிலும் நியாயமாகாது.

மூன்று டர்போ தின்ற கார்கள்

மூலத்தை விட்டு முடிவைத் திருத்துவதன் பயனை ஐரோப்பாவில் பெருந்தொகையானோர் அனுபவித்தனர். பிரெஞ்சுக் கம்பனியாகிய பெஜோ-சித்ரொயனும் போர்ட் கம்பனியும் சேர்ந்து உருவாக்கிய 1.6 லீற்றர் டீசல் எஞ்சின் ஒன்று, இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் வெளிவந்தது. பெஜோ, சித்ரொயன், போர்ட் வண்டிகளில் மாத்திரமன்றி வொல்வோ, மஸ்டா, மினி கார்களிலும் அது பூட்டப்பட்டது. எரிபொருட் சிக்கனத்துக்குப் பேர்போன நல்ல எஞ்சின். ஆனால் அதன் டர்போக்கள் அழிந்தன. புதியது போட்டார்கள்; அதுவும் அழிந்தது. மூன்றாவதும் அழிந்தது. டர்போவைத் திருத்துவோர் தொழிலில் இந்த எஞ்சின் ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது.

காரணம் டர்போவுக்கு வெகு தூரத்தில் இருந்தது. ஒவ்வோர் இஞ்செக்டரின் அடியிலும் ஒரு சிறு செப்பு வளையம் உண்டு. விலையில் மிக அற்பமானது. அது நன்றாகப் படியாதபோது, சிலிண்டரில் எரியும் வாயு அதன் ஓரமாகக் கசிந்தது. அதன் கரி ஒயிலோடு கலந்தது. நேரத்துக்கு மாற்றப்படாத ஒயில் தார் போலத் தடித்தது; கரித்துண்டுகள் ஒயிற்பம்பு உறிஞ்சும் வாயிலுள்ள வலையை மூடின. டர்போவுக்கு ஒயில் செல்லும் மெல்லிய குழாயின் முனையாணிக்குள் நுண்ணிய வடி ஒன்று இருந்தது. டர்போவைக் காப்பதற்கென்றே வைத்தது. கரி அதனையும் அடைத்தது. காவலாளே வாசலை மூடிக்கொண்டான் என்க. ஒயில் கிடையாத டர்போ வெந்து மடிந்தது. மெக்கானிக் புதிய டர்போவைப் பூட்டினார்; புது ஒயிலும் ஊற்றினார்; குழாயையும் வலையையும் தொடவில்லை. உள்ளே ஒட்டியிருந்த பழைய கரியைப் புது ஒயில் கரைத்துக் கிளப்பிக் கொண்டுவந்து, அதே வாசலை மீண்டும் அடைத்தது.

அந்த எஞ்சினுக்குப் பின்னர் வகுக்கப்பட்ட முறை எல்லா டீசல் வண்டிகளுக்கும் பொருந்தும். முதலில் இஞ்செக்டர் வளையங்களைச் சோதித்து மாற்றுக. எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி உறிஞ்சு வலையைச் சுத்தம் செய்க. டர்போவின் ஒயிற் குழாயைக் கழுவி மீளப் பூட்டாது, புதிதே போடுக. இன்டர்கூலருக்குள் தேங்கிய ஒயிலையும், உடைந்த சக்கரத்தின் துண்டுகளையும் அகற்றுக. இறுதியாக இறங்கு குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்துக்குள் விட்டு, எஞ்சினை ஒரு நிமிஷம் ஓடவிட்டு, திரும்பி வரும் ஒயிலை அளந்து, கம்பனி குறித்த அளவோடு ஒப்பிடுக. ஒரு பாத்திரமும் ஒரு கடிகாரமும் போதும். இவ்வளவையும் செய்ய ஒரு நாள் கூடுதலாகச் செல்லும், கூலியும் கூடும். அதனாலேயே பலர் இதனைத் தவிர்க்கின்றனர். சொந்தக்காரரும் "சீக்கிரம் தாருங்கள்" என்று நெருக்குகின்றார் என்பதையும் மறைக்கலாகாது. மெக்கானிக்கின் மீது மாத்திரம் பழி சொல்வது நியாயமன்று.

கராஜுக்குச் செல்லும் சொந்தக்காரர் கேட்கவேண்டியவை சிலவே. "டர்போ எதனாற் பழுதாயிற்று?" என்று முதலிற் கேட்க வேண்டும். "பழையதாகிவிட்டது" என்பது விடையன்று. கழற்றிய பழைய டர்போவைத் தம்மிடம் காட்டச் சொல்லவேண்டும்; தண்டின் நிறத்தையும் இதழின் விளிம்பையும் தாமே பார்க்கலாம். ஒயிற் குழாய் புதிதா என்பதையும் கேட்கவேண்டும்.

புதியதைப் பூட்டும்போது கவனிக்கவேண்டிய இரண்டொரு நுட்பங்கள் உள. ஒயிற் குழாயின் மூட்டில் திரவப் பசை பூசுவது சிலரது வழக்கம். பசை பிதுங்கி உள்ளே உதிர்ந்து ஒயில் வழியை அடைக்கும். அதற்குரிய காகித அல்லது உலோக வளையத்தையே இடவேண்டும். எஞ்சினை இயக்குமுன், டர்போவின் ஒயில் துவாரத்தில் சுத்தமான புது ஒயிலைச் சிறிது ஊற்றிச் சக்கரத்தை விரலாற் சில முறை சுழற்றவேண்டும். பின் எரிபொருள் செல்லாதபடி செய்து, ஒயில் அமுக்க விளக்கு அணையும் வரை ஸ்டாட்டரால் எஞ்சினைச் சுற்றவிடவேண்டும். அதன்பின் இயக்கி, அக்சிலரேற்றரை மிதியாமல் சில நிமிஷம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக் கசிவில்லை என்று கண்ட பின்னரே வண்டியை வீதிக்கு எடுக்கலாம். நீண்ட மேடொன்றை ஏறி வந்து நிறுத்தும் நாட்களிலும், உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிஷம் அப்படியே ஓடவிடுவது நல்லது. சிவந்திருக்கும் சக்கரம் ஆறும்வரை தண்டுக்கு ஒயில் போய்க்கொண்டிருக்கும்.